கேன்ட்ரி சா வெல்டிங் மெஷின்: ஒன்றரை வருஷம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

திருச்சி பக்கம் துவாக்குடில எங்களுக்கு ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட் இருக்கு, அப்பா ஆரம்பிச்சது, இப்ப நான் பாத்துக்கிறேன். முன்னாடியெல்லாம் பாய்லர் சம்பந்தப்பட்ட ஸ்ட்ரக்சர் வேலைதான் வரும், அது குறைஞ்சு போனதுக்கப்புறம் குடோன் ஷெட்டு, மில்லு ஷெட்டு, பிளாட்ஃபாரம்னு மாறிட்டோம். இந்த வேலைல என்னன்னா ரெடிமேடா கிடைக்கிற பீம் பாதி நேரம் பத்தாது, ஐஎஸ்எம்பிங்கிற ஸ்டாண்டர்டு ஐ பீம் வரிசையில 600 மிமீ ஆழம்தான் கடைசி, அதுக்கு மேல ஆழம் வேணும்னா, இல்ல ஒரு பக்கம் ஒல்லியாவும் ஒரு பக்கம் தடியாவும் டேப்பரா வேணும்னா, பிளேட்டை பட்டை பட்டையா வெட்டி நாமதான் பீம் பண்ணணும். மூணு பட்டை (நடுவுல நிக்கிறது வெப், மேலயும் கீழயும் ஃபிளாஞ்ச்), அதுங்களை ஒட்ட நாலு நீள வெல்டிங் தையல், அவ்வளவுதான். அந்த நாலு தையலைப் போடத்தான் இந்த மெஷின். சா வெல்டிங்னா சப்மெர்ஜ்டு ஆர்க், ஃப்ளக்ஸ்ங்கிற பொடிக்கு அடியில ஆர்க் எரியுற வெல்டிங்.

எங்க கிட்ட இருக்கிறது ரெண்டு கை வச்ச கேன்ட்ரி. ரெண்டு தண்டவாளம் மேல ஒரு பெரிய வாசப்படி மாதிரி ஃபிரேம் நகரும், அதுக்குக் கீழ பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பீமை 45 டிகிரி சாய்ச்சு படுக்க வைப்போம், ஒவ்வொரு கைலயும் ஒரு டார்ச், ஒரு வயர் ரீல், ஒரு ஃப்ளக்ஸ் டப்பா, பின்னாடியே மிச்ச ஃப்ளக்ஸை உறிஞ்சிக்கிற வேக்கம். ஃபிரேம் போகப் போக ரெண்டு பீம்லயும் ஒரே நேரத்துல தையல் விழும். மெஷின் சீனால இருந்து வந்தது, ஊஷி பக்கம் பண்ணினது, நம்ம ஊர் டீலர் மூலமா வாங்கினோம். கம்பெனி பேர் போடல, ஏன்னா சர்வீஸ் பத்தி நான் சொல்லப் போறது நல்லா இருக்காது, தவிர இந்த டைப் மெஷின் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே டிசைன்தான், அதனால பேர் இல்லாமலே இந்த ரிவ்யூ உங்களுக்கு உபயோகப்படும்.

முதல்ல கணக்கைச் சொல்லிடறேன். 12 மீட்டர் பீம், நாலு தையல், மொத்தம் 48 மீட்டர் 6 மிமீ ஃபில்லட், அதாவது மூலைல போடுற முக்கோணத் தையல். கையால ராடு பிடிச்சு அடிச்ச காலத்துல ரெண்டு வெல்டர் நாள் முழுக்க குனிஞ்சு உக்காந்திருப்பாங்க. சிஓடூ, அதாவது வயரும் கேஸும் வச்சு கைல அடிக்கிற வெல்டிங், வந்தப்புறம் ஒருத்தர் ஒரு ஷிஃப்ட்ல முடிப்பார், அதுவும் நல்ல கை இருந்தா. மெஷின்ல 3.2 மிமீ வயர், 500 ஆம்பியர், 30 வோல்ட், நிமிஷத்துக்கு 500 மிமீ வேகம் வச்சு ஓட்டுறோம், அப்ப 12 மீட்டருக்கு 24 நிமிஷம். ரெண்டு பீமும் ஒண்ணா ஓடுறதால நாலு ஓட்டத்துல, அதாவது 96 நிமிஷத்துல ரெண்டு பீமோட வெல்டிங்கும் முடியணும். பேப்பர்ல. நிஜத்துல நடுவுல கிரேன்ல தூக்கித் திருப்பணும், மறுபடி சாய்ச்சு வைக்கணும், டார்ச்சை லைன் பண்ணணும், ஃப்ளக்ஸ் ரொப்பணும், அதெல்லாம் சேத்து மூணு மணி நேரம் ஆகுது. ஒரு ஷிஃப்ட்டுக்கு அஞ்சு பீம் சாதாரணமா வெளிய வருது. டீலர் சொன்ன எண்ணிக்கை இதை விட அதிகம், அவர் கிரேன் நேரத்தை கணக்குலயே எடுக்கல. உங்க ஷெட்ல ஒரே ஒரு கிரேன்தான், அதையே லோடிங்குக்கும் பயன்படுத்துறீங்கன்னா மெஷின் பாதி நேரம் கிரேனுக்காக காத்துக்கிட்டு நிக்கும், இதை வாங்குறதுக்கு முன்னாடியே யோசிச்சிடுங்க.

இப்ப தையலோட குவாலிட்டி. இதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, மனசார சொல்றேன். பீமை சாய்ச்சு வைக்கிறதால உருகின இரும்பு பள்ளத்துல தண்ணி நிக்கிற மாதிரி சமமா நிக்குது, ரெண்டு பக்க லெக்கும், அதாவது தையல் ஒவ்வொரு பட்டைலயும் ஏறி நிக்கிற அகலமும், ஒரே அளவு வருது. கைல அடிக்கும்போது வெப் பக்கம் கொஞ்சம் அறுத்துட்டு ஃபிளாஞ்ச் பக்கம் தொங்கும், அந்தப் பிரச்சனையே இல்ல. எல்லாம் சரியா அமைஞ்சா ஸ்லாக்கை, அதாவது தையல் மேல ஃப்ளக்ஸ் உருகி உறையுற மேல்தோலை, தட்டக்கூட வேண்டாம், ஆறும்போதே பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி நீளமா சுருண்டு தானா கழண்டு வரும். கீழ பாத்தா 12 மீட்டருக்கும் ஒரே சீரா, நிறுத்தின தடம் ஒண்ணு கூட இல்லாம, மீன் செதில் அடுக்கின மாதிரி தையல். முதல் நாள் அதைப் பாத்துட்டு நான் ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டிருந்தேன். அப்பா கையால தடவித் தடவிப் பாத்தார்.

அடுத்தது கண்ணு. எங்க யூனிட்ல பெரிய வெல்டர் ஒருத்தர் இருக்கார், அப்பாவோட ஆரம்பத்துல இருந்தே இருக்கிறவர், நான் சித்தப்பான்னுதான் கூப்பிடுவேன். முப்பது வருஷம் ஆர்க் வெளிச்சத்தைப் பாத்த கண்ணு அவருக்கு. சின்ன வயசுல அவர் வீட்டுக்குப் போனா பல நாள் கண்ணுல உருளைக்கிழங்கு வெட்டி வச்சு படுத்திருப்பார், மணல் கொட்டின மாதிரி உறுத்துதுன்னு சொல்வார், தூக்கமே வராது. சா வெல்டிங்ல ஆர்க் ஃப்ளக்ஸுக்கு அடியில புதைஞ்சு எரியுது, வெளிச்சம் வெளிய வராது, புகையும் சிஓடூவோட பாத்தா ரொம்ப கம்மி. ஷீல்டு இல்லாம சாதா கண்ணாடி போட்டுக்கிட்டு பக்கத்துல நடந்து வரலாம். சித்தப்பா இப்ப மெஷின் ஆபரேட்டர். "பாப்பா, இப்பல்லாம் ராத்திரி தூங்குறேன்"னு ஒரு நாள் சொன்னார். இந்த மெஷினுக்கு நான் கட்டுற இஎம்ஐக்கு அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

ஆளைக் குறைக்கத்தான் மெஷின் வாங்குறோம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பக்கத்து யூனிட் அண்ணனும் அதைத்தான் கேட்டார், "எத்தனை வெல்டரை நிறுத்துனே"ன்னு. ஒருத்தரையும் நிறுத்தல. நிறுத்தியிருந்தா இந்த மெஷின் இந்நேரம் துருப்பிடிச்சிருக்கும். முதல் ரெண்டு மாசம் பட்டன் அழுத்துறதுதானேன்னு டிப்ளமா முடிச்ச ஒரு பையனை விட்டோம், நல்ல பையன்தான், புத்திசாலி, ஆனா வெல்டிங் கைல பிடிச்சதில்ல. ஆர்க்கு கண்ணுக்குத் தெரியாத வேலைல காதுதான் கண்ணு, ஃப்ளக்ஸுக்கு அடியில இருந்து வர்ற உறுமல் சீரா இருக்கணும், அது பிசிறடிச்சா ஆம்பியர் மீட்டரைப் பாக்கிறதுக்கு முன்னாடியே சித்தப்பாவுக்குத் தெரிஞ்சிடும், பையனுக்கு மீட்டரும் பழகல, சத்தமும் பழகல. இப்ப ரெண்டு பேரும் சேந்து ஓட்டுறாங்க, பேனல் பையன், டார்ச் சித்தப்பா. நல்லா ஓடுது. ரெண்டு பேரையும் திருச்சி டபிள்யூஆர்ஐல ஒரு ட்ரெய்னிங்குக்கு அனுப்பினேன், பெல் நிறுவனத்தோட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம், 1975ல இருந்து நம்ம ஊர்லயே இருக்கு, இவ்வளவு பக்கத்துல அப்படி ஒரு இடத்தை வச்சுக்கிட்டு யூடியூப் பாத்து செட்டிங் போடுறவங்களைப் பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும்.

இந்த முறை வந்த கதையையும் ஒரு வரி சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1930கள்ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, ஆனா சோவியத் யூனியன்ல எவ்கெனி பேட்டன்னு ஒருத்தர், அடிப்படையில பாலம் கட்டுற இன்ஜினியர், இதையே எடுத்து போர் சமயத்துல டேங்கோட தடி பிளேட்டை ஒட்டவைக்கிற அளவுக்கு வளத்துட்டார். அப்புறம் கீவ் நகரத்துல நீப்பர் நதி மேல ரிவெட்டே இல்லாம முழுக்க வெல்டிங்ல ஒரு பெரிய பாலம், 1953ல திறந்தாங்க, அவர் பேர்தான் அதுக்கு, ஆனா திறக்கிறதுக்கு சில மாசம் முன்னாடி அவர் இறந்துட்டார். நாம துவாக்குடில குடோனுக்கு அடிக்கிறது அதே தையல்தான்.

சரி, பிரச்சனைகளுக்கு வர்றேன், இதைத்தான் முக்கியமா எழுதணும்னு உக்காந்தேன்.

முதலாவதும் பெருசுமானது ஃபிட்டப், அதாவது பட்டைகளை இடைவெளி இல்லாம பொருத்தி வைக்கிறது. இந்த மெஷினுக்கு மன்னிக்கத் தெரியாது. கை வெல்டர் ஒரு இடத்துல வெப்புக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவுல 3 மிமீ கேப் பாத்தார்னா வேகத்தைக் குறைச்சு, ராடை ஆட்டி, ரொப்பிட்டுப் போயிடுவார், அவர் அதை உங்ககிட்ட சொல்லக்கூட மாட்டார். மெஷின் அதே 500 ஆம்பியரோட அதே வேகத்துல மேல போகும், இரும்பு அந்தப் பக்கம் ஓட்டையா ஒழுகிடும், ஃப்ளக்ஸும் கூடவே கொட்டிடும். எங்க ஆரம்ப காலத்துல ஒரு பீம்ல ஏழு இடத்துல இப்படி ஆச்சு, கிரைண்டர் வச்சு நோண்டி கைல ரிப்பேர் பண்ணினோம், அந்த ரிப்பேருக்கு ஆன நேரத்துல மொத்த பீமையும் கையாலயே அடிச்சிருக்கலாம். இப்ப எங்க ரூல் 1 மிமீ, அதுக்கு மேல கேப் இருந்தா பீம் மெஷினுக்குப் போகாது. அமெரிக்க வெல்டிங் சொசைட்டியோட ஏடபிள்யூஎஸ் டி1.1 கோடுல 2 மிமீ தாண்டினா கேப் எவ்வளவோ அவ்வளவு லெக் சைஸை ஏத்தணும்னு இருக்கு, அது கைக்கு சரி, மெஷினுக்கு நாங்க அவ்வளவு விடுறதில்ல.

கேப் ஏன் வருதுன்னு தேடிக்கிட்டே போனா கட்டிங்ல போய் நிக்குது. வெப் பட்டையை ஒத்தை டார்ச்சுல வெட்டினா ஒரு விளிம்பு மட்டும் சூடாகி பட்டை வாள் மாதிரி வளைஞ்சிடும், 12 மீட்டர்ல அந்த வளைவு நல்லாவே தெரியும், அதைக் கொண்டு போய் நேரான ஃபிளாஞ்ச்ல உக்கார வச்சா நடுவுல கேப் விழாம என்ன செய்யும். ரெண்டு விளிம்பையும் ஒரே நேரத்துல வெட்டுற மல்டி டார்ச் கட்டிங் மெஷின் வந்த அன்னைக்குத்தான் எங்க வெல்டிங் மெஷின் உண்மையிலேயே வேலை செய்ய ஆரம்பிச்சுது. நான் பண்ணின தப்பு இது, காசு இருந்தப்ப முதல்ல வெல்டிங் மெஷினை வாங்கினேன், வாங்க வேண்டிய வரிசை கட்டிங், ஃபிட்டப், அப்புறம்தான் வெல்டிங். இதை யாரும் எனக்கு சொல்லல, டீலருக்கு சொல்ல வேண்டிய அவசியம் இல்ல, அதனால நான் சொல்றேன்.

அடுத்தது ஃப்ளக்ஸ். 25 கிலோ மூட்டைல வரும், பாக்க ரவை மாதிரி இருக்கும், ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி மழையில திறந்து வச்ச மூட்டையை அப்படியே போட்டு ஓட்டினோம், தையல் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா வந்துச்சு, உள்ள இன்னும் என்னென்ன ஓட்டை இருக்கோன்னு பயமாகி ஒரு பீமோட ரெண்டு தையலை முழுசா கௌஜ் பண்ணி, அதாவது நோண்டி எடுத்தோம். மூட்டை மேல போட்டிருக்கிற டெம்பரேச்சர்ல, நாங்க வாங்குறதுக்கு 300ல இருந்து 350 டிகிரி, ரெண்டு மணி நேரம் ஓவன்ல வறுத்துட்டுத்தான் போடணும், வேக்கம் உறிஞ்சி திருப்பித் தர்ற ஃப்ளக்ஸையும் சலிச்சு, காந்தம் காட்டி இரும்புத் தூளை எடுத்துட்டு, புதுசோட கலந்துதான் போடணும். செலவு கணக்கு கேக்குறவங்களுக்கு, மேல சொன்ன 12 மீட்டர் பீமுக்கு ஏழெட்டு கிலோ வயர் போகும், கிட்டத்தட்ட அதே எடைக்கு ஃப்ளக்ஸ் ஸ்லாக்கா மாறிப் போயிடும். வயர் கணக்கை மட்டும் பாத்து கொட்டேஷன் குடுத்துடாதீங்க, முதல் ரெண்டு ஜாப் நான் அப்படித்தான் குடுத்தேன்.

வளைவு பத்தி. நாலு தையலும் சூடு, சூடு போன இடம் இழுக்கும், ஃபிளாஞ்சோட ரெண்டு ஓரமும் வெப் பக்கமா குடை மாதிரி மடங்கும். ஒரு ஃபிளாஞ்சோட ரெண்டு தையலையும் முதல்லயே போட்டுட்டா பீமே வில்லா வளையும், அதனால ஒண்ணு போட்டா அடுத்தது அதுக்கு நேர் எதிர் மூலைல போடுறோம், கிரேன் வேலை கூடுது, ஆனா பீம் நேரா இருக்கு. குடை மடக்கு மட்டும் எந்த வரிசையில போட்டாலும் கொஞ்சம் வரும். அதுக்கு ரோலர் வச்ச ஸ்ட்ரெய்ட்டனிங் மெஷின் தனியா வாங்கணும், நாங்க வாங்கல, கேஸ் டார்ச்ல சூடு காட்டி நிமித்துறோம், அது பொறுமையான வேலை, அதிகம் சூடாக்கினா பிளேட்டோட குணமே மாறிடும்.

ஒரு தடவை நல்லா பயந்துட்டேன், அதையும் எழுதிடறேன். வேகமா முடிக்கணும்னு ஆம்பியரை ஏத்தி வோல்ட்டேஜை அப்படியே விட்டு ஓட்டினாங்க, தையல் மேல பாக்க அழகா இருந்துச்சு, டிபி டெஸ்ட், அதாவது வெடிப்பைக் காட்டுற சிவப்புச் சாயம், அடிச்சா நடுவுல தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு, நீளமா. ஆழம் அதிகம் அகலம் கம்மியா போனா நடு மையத்துல கடைசியா உறையுற இடம் பிளந்துக்குதுன்னு டபிள்யூஆர்ஐல சொல்லிக் குடுத்திருக்காங்க, அன்னைக்குத்தான் அது எங்களுக்கு உறைச்சுது. அழகா இருக்குன்னு எந்தத் தையலையும் நம்பி அனுப்பாதீங்க, அந்த பீமுக்குக் கீழ ஆள் வேலை செய்யப் போறாங்க.

சின்னச் சின்ன விஷயம் நாலு. பீம் முனைல ஆர்க் காந்தத்துல இழுத்துக்கிட்டு அலையும், எர்த்தை ஆரம்பிக்கிற முனைல நல்லா இறுக்கிப் பிடிச்சு அங்கேர்ந்து விலகிப் போற மாதிரி ஓட்டினதுல எங்களுக்கு சரியாச்சு. ரெண்டு முனைலயும் அதே தடிமன் பிளேட்ல ஒரு சின்னத் துண்டு ஒட்டி, ஆரம்பமும் முடிவும் அந்தத் துண்டு மேல வர்ற மாதிரி பண்ணி அப்புறம் வெட்டிடுங்க. தண்டவாளத்தோட லெவல் சரியில்லைனா மத்த எதுவும் சரிவராது, ஃபவுண்டேஷன் காஞ்சு செட் ஆகுற வரைக்கும் பொறுங்க. கரன்ட் கனெக்ஷன், ரெண்டு 1000 ஆம்பியர் பவர் சோர்ஸ், கட்டிங், கிரேன், கம்ப்ரஸர் எல்லாம் கூட்டினா எல்டி, அதாவது லோ டென்ஷன் கனெக்ஷனோட எல்லை பக்கத்துல வந்துடும், ஹெச்டி, அதாவது ஹை டென்ஷனுக்குப் போறதுன்னா டிரான்ஸ்ஃபார்மர் செலவு தனி, இதையும் பட்ஜெட்ல போடுங்க.

சர்வீஸ். மெஷின் வந்தப்ப பேனல்ல பாதி சீன எழுத்து, மேனுவலும் அப்படித்தான், பையன் ஃபோன் கேமரால மொழிபெயர்த்து ஒவ்வொரு பட்டனுக்கும் தமிழ்ல ஸ்டிக்கர் ஒட்டினான். ஆறாவது மாசம் ஃபிரேமை நகத்துற மோட்டாரோட டிரைவ் போச்சு. டீலர் ஃபோனை எடுத்தார், மரியாதையா பேசினார், ஆனா பார்ட் வர 19 நாள் ஆச்சு. அந்த 19 நாளும் கைலதான் அடிச்சோம், டெலிவரி தள்ளிப்போச்சு, பார்ட்டி கிட்ட நான்தான் நின்னு பேச்சு வாங்கினேன். அதுக்கப்புறம் இங்கயே கிடைக்கிற டிரைவை மாத்தி வச்சுட்டோம், ஓடுது. வாங்கும்போதே டிரைவ், வயர் ஃபீடர் கார்டு ரெண்டும் ஒவ்வொண்ணு ஸ்பேர் எழுதி வாங்கிடுங்க, வாய்ல சொன்னா நடக்காது.

முழுப் பணம் குடுக்குறதுக்கு முன்னாடி இன்னொண்ணு செய்யுங்க, அவங்க கொண்டு வர்ற பளபள பிளேட்ல இல்ல, உங்க யார்டுல கிடக்கிற பிளேட்ல ஒரு மீட்டர் ஓட்டச் சொல்லுங்க, அதைக் குறுக்க அறுத்து, தேய்ச்சு, ஆசிட் தடவிப் பாருங்க, வேர் வரைக்கும் போயிருக்கா, ரெண்டு லெக்கும் சமமான்னு படம் வரைஞ்ச மாதிரி தெரியும்.

மாசத்துக்கு எங்களை மாதிரி 60, 70 டன் பில்ட்டப் பீம், அதாவது பட்டை வெட்டி ஒட்டுற பீம், இருந்தா தாராளமா வாங்கலாம், 20 டன்னுக்கு வேண்டாம், பக்கத்துல மெஷின் வச்சிருக்கிறவங்ககிட்ட ஜாப் ஒர்க் குடுத்துடுங்க. இன்னொண்ணும் எதிர்பார்க்காதீங்க, நீளத் தையல்தான் இது போடும், கிளீட்டு, ஸ்டிஃப்னர், பேஸ் பிளேட் மாதிரி பீம்ல ஒட்டுற துண்டெல்லாம் இன்னும் கைதான், எங்க வெல்டர்ங்க இப்ப முழு நேரமும் அதுலதான் இருக்காங்க. ஆஸ்திரியாவோட ஜெமன், நெதர்லாந்தோட வூர்ட்மன் மாதிரி கம்பெனிங்க டிராயிங் மாடலைப் படிச்சு கிளீட்டை தானே எடுத்து வச்சு தானே வெல்ட் பண்ற ரோபோவும் பண்றாங்க, வீடியோல பாக்க பிரமிப்பா இருக்கு, எங்க சைஸ் யூனிட்டுக்கு எட்டாது.

அஞ்சுக்கு நாலு குடுக்கிறேன், ஒண்ணைக் குறைச்சது முழுக்க சர்வீஸுக்குத்தான். அடுத்த மாசம் ஃபிளாஞ்ச் ஸ்ட்ரெய்ட்டனிங் மெஷினுக்கு அட்வான்ஸ் குடுக்கணும், 20 மிமீ ஃபிளாஞ்ச் வரைக்கும் போதும் எங்களுக்கு. மெக்கானிக்கல் டைப்பா ஹைட்ராலிக் டைப்பான்னு இன்னும் முடிவாகல, ரெண்டுல எதையாவது ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்க ரோலர் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்துறீங்கன்னு கீழ எழுதுங்க.